பெருமாள்சாமி இடுப்பில் அரசாங்கச் சொத்து

பெருமாள்சாமியின் இடுப்பிலிருந்த குண்டு யாருக்குச் சொந்தம் என்று தெரியாததால் அதை யாரும் எடுக்கவில்லை.

குண்டு உள்ளே போனதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தொண்ணூற்றெட்டாம் வருசம் ஆவணி பிறந்த வாரம் அது. கரட்டடியில் தன் சம்பங்கித் தோட்டத்தில் குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தவர், "யாருடா கல்லெறியிறது?" என்று கேட்டுக்கொண்டே சாய்ந்தார். பக்கத்துப் பாத்தியில் இருந்த அவர் பெண்டாட்டி பொன்னழகு ஓடிவந்து பார்த்தபோது வேட்டி நனைந்திருந்தது.

தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு மண்மேடு. மேட்டுக்கு அந்தப்பக்கம் தென்சரக ஆயுதப் பாதுகாப்புப் போலீஸ் கம்பெனி துப்பாக்கி சுட்டுப் பழகும் திடல். சுடும் குண்டெல்லாம் மேட்டில் புதைய வேண்டும் என்பது ஏற்பாடு. முன்னே அந்த மேடு பனைமர உயரம் இருந்தது. கம்பெனியார் கண்டுகொள்ளாததால் செங்கல் சூளைக்காரர்கள் வண்டி வண்டியாக அள்ளிப் போய், இப்போது பொன்னழகு தலையில் பூக்கூடையோடு நடந்தால் கூடை மட்டும் அந்தப்பக்கத்துக்குத் தெரியும் என்கிற அளவில் நின்றது.

திண்டுக்கல்லில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் கிளாரா, "எலும்ப ஒட்டி நிக்குது. எடுத்துரலாம், பெரிய வேலை இல்ல" என்றார். கத்தியைக் கையில் எடுப்பதற்குள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நோயாளியின் உடம்பில் இருப்பது அரசாங்கச் சொத்தாக இருக்கக்கூடும்; உரியவரின் அனுமதி இல்லாமல் அதைத் தொடுவது குற்றம். கடிதத்தோடு துப்பாக்கி ஏந்திய ஒரு போலீஸ்காரரும் வந்தார். அவருக்குப் பெருமாள்சாமியைக் காவல் காக்கும் வேலை இல்லை, குண்டைக் காவல் காக்கும் வேலை. பெருமாள்சாமியைக் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனால் குண்டும் கூடவே போகிறது என்பதால் அவரும் போனார்.

"எனக்குக்கூட இம்புட்டு மரியாதை கெடச்சதில்ல, பொன்னு" என்றார் பெருமாள்சாமி. அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

மறுநாள் பொன்னழகு கம்பெனி வாசலில் போய் நின்றாள். துணை கமாண்டன்ட் ஸ்டீபன்ராஜ் அவளை உட்காரவைத்துத்தான் பேசினார். மனு கொடுக்க வருகிறவர்களை நிற்கவைத்துப் பேசுவது வெள்ளைக்காரன் புத்தி என்பது அவர் கொள்கை. உட்காரவைத்த இடம் தரை.

"எங்கள்ட்ட ரெண்டு வகைத் தோட்டா இருக்கும்மா. ஒண்ணு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணுல, உலக யுத்தத்துக்குச் செஞ்சது. யுத்தம் முடிஞ்சப்ப ராணுவம் எங்களுக்கு இரவலாக் குடுத்துச்சு. இன்னும் திருப்பிக் கேக்கல. அது டெல்லிக்குச் சொந்தம். இன்னொண்ணு பதினஞ்சு வருசத்துக்கு முந்தி வாங்குனது. அது சென்னைக்குச் சொந்தம். ஒன் வீட்டுக்காரர் இடுப்புல இருக்கது டெல்லியா, சென்னையா?"

"எனக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"எனக்கும் தெரியாதே! டெல்லிப் பொருள சென்னை அனுமதியில எடுத்தா என் வேலை போயிரும்."

"எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிராதாய்யா?"

ஸ்டீபன்ராஜ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "எடுக்குறதுக்குத்தானம்மா தெரியணும்."

வெடிமருந்து ஒப்பாய்வுக் குழு அப்படித்தான் பிறந்தது. யுத்தகாலத் தோட்டாவையும் பிற்காலத் தோட்டாவையும் தனித்தனியாகச் சுட்டுப் பார்ப்பது. எது மேட்டைத் தாண்டிச் சம்பங்கித் தோட்டம் வரை போகிறதோ அதுதான் பெருமாள்சாமிக்குள் இருக்கிறது என்று முடிவு கட்டுவது. குழுவுக்குத் தலைவர் ஸ்டீபன்ராஜ். புகார்தாரர் ஒவ்வொரு அமர்வுக்கும் வந்தாக வேண்டும் என்று விதி இருந்ததால், பொன்னழகு காலையில் ஆஸ்பத்திரியில் கஞ்சி கொடுத்துவிட்டு டவுன் பஸ் பிடித்துத் திடலுக்கு வந்துவிடுவாள். பூ பறிக்க ஆள் இல்லாமல் சம்பங்கி செடியிலேயே பழுத்தது.

முதல் நாள் அவள் கண்டது, தார்ப்பாயில் தோட்டாக்களைக் காய வைத்திருந்ததைத்தான். நத்தம் ரோட்டில் புளியைக் கொட்டிக் காய வைப்பதுபோல, பழசு ஒரு பாயிலும் புதுசு ஒரு பாயிலுமாக வெயிலில் பரப்பியிருந்தார்கள். ஆயுத அறைப் பொறுப்பாளர் ஏட்டு தங்கமுத்து கையில் குச்சியோடு காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாமா ஏட்டையா காயப்போடுவாக?"

"அறை ஒழுகுது ஆத்தா. காயப்போடலேன்னா வெடிக்காது. இந்தா, இது கெழவன்." யுத்தகாலத் தோட்டா ஒன்றை எடுத்துக் காட்டினார். பித்தளை கறுத்துப்போயிருந்தது. அடிப்பக்கம் வருசம் குத்தியிருந்தது. "மருந்து செத்துப்போச்சு. நேரா சுட்டா பாதி வழியிலயே படுத்துக்கிருவான். அதுனால துப்பாக்கியில குறி பாக்குற இந்தத் தகட்ட ஒசத்தி வச்சு, வானத்தப் பாத்து சுடுவோம். அப்பத்தான் குறிக்குப் போய்ச் சேருவான். அது பேரன்." புதுசைக் காட்டினார். "அவனுக்குத் தகட்ட எறக்கிரணும். ஏத்தி வச்சுப் பேரனச் சுட்டம்னு வையி, ஆத்தூர் அணைக்கட்டுல குளிக்கிறவன் மேல போய் விழும்."

அவர் சிரித்தார். பொன்னழகும் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள்.

தோட்டாக்களுக்கு நடுவே ஒரு கிடாய் திரிந்தது. ஆயுத பூசைக்கு என்று வாங்கிக் கட்டியிருந்த கம்பெனிக் கிடாய். அதை அடிக்கக் கூடாது. அடித்தால் பூசைக்கு ஆகாது.

சுடுவதற்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று யுத்தகாலத் தோட்டாக்களுக்கு மௌன மரியாதை செலுத்தினார்கள். பிறகு ஸ்டீபன்ராஜ் பேசினார்.

"இந்தத் தோட்டாக்கள் பர்மாவுக்குப் போயிருக்க வேண்டியவை. ஜப்பான்காரனுக்காகச் செய்யப்பட்டவை. ஐம்பத்தைந்து வருடம் பொறுமையாகக் காத்திருக்கின்றன. எத்தனை அதிகாரிகள் வந்தோம், போனோம், இவை போகவில்லை. இப்படிப்பட்ட சரித்திரப் புகழ் வாய்ந்த தோட்டா ஒரு சாதாரண விவசாயியின் உடம்பில் இருக்குமானால் அது அந்தக் குடும்பத்துக்குப் பெருமை. இல்லை, அது வெறும் பிற்காலத் தோட்டாதான் என்றால், அதற்காக அம்மா மனம் தளரக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். தன்னைப் பார்த்துத் தட்டுகிறார்களே என்று பொன்னழகு கும்பிட்டாள்.

எடுத்த எடுப்பில் மேட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிடவில்லை. முதலில் ஊடுருவும் திறன் என்று ஒன்றைப் பார்த்தார்கள். மனிதனின் இடுப்புக்கு நிகராக எதைச் சுடுவது என்பதிலேயே இரண்டு அமர்வுகள் கழிந்தன. பூசணிக்காயைச் சுட்டார்கள். எலும்பு இல்லை என்று குறை சொன்னார்கள். சிறுமலைப் பலாவைச் சுட்டார்கள். கொட்டை இருப்பதால் இது பரவாயில்லை என்று பட்டது. கெழவன் மூன்று சுளை ஆழம் போனான். பேரன் பழத்தைத் துளைத்து அந்தப்பக்கம் வந்தான். மிச்சச் சுளையைக் குழு தின்றது. பொன்னழகுக்கும் ஒரு சுளை கொடுத்தார்கள். அவள் அதை முந்தானையில் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பெருமாள்சாமிக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. வாயில் வைத்ததும் துப்பிவிட்டார்.

"வெடி வாடை அடிக்கிதுடீ."

சுட்டு முடித்ததும் நடக்கும் சடங்குதான் அவளுக்குப் புரியவே இல்லை. தோட்டாவின் முன்பக்கத்துக் குண்டு பறந்துபோன பிறகு பித்தளைக் கூடு மட்டும் கீழே விழும். அதற்குக் காலி என்று பேர். காலிகளைப் பொறுக்கி எண்ணி, கணக்கு சரியான பிறகுதான் யாரும் சுடும் கோட்டைத் தாண்டலாம். ஒரு நாள் ஒரு காலி குறைந்தது. கம்பெனி மொத்தமும் முழங்காலில் தவழ்ந்து தேடியது. பொன்னழகையும் எழுப்பிச் சேலையை உதறச் சொன்னார்கள். ஒன்றும் விழவில்லை. இருட்டும் நேரத்தில் ஒரு எலிப்பொந்துக்குள் அது அகப்பட்டதும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"ஏட்டையா, காலிக்கு இம்புட்டுத் தேடுறீகளே. குண்டு எங்க போச்சுன்னு தேட மாட்டீகளா?"

தங்கமுத்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "காலிக்குக் கணக்கு இருக்கு ஆத்தா. ஒண்ணு கொறஞ்சா சஸ்பெண்டு. குண்டுக்குக் கணக்குக் கெடையாது. போனது போனதுதான்."

கடைசியில் ஆய்வு முடிவு வந்தது. யுத்தகாலத் தோட்டாவை அதற்குரிய முறையில் தகட்டை ஏற்றிச் சுட்டார்கள், மேட்டில் புதைந்தது. பிற்காலத் தோட்டாவை அதற்குரிய முறையில் தகட்டை இறக்கிச் சுட்டார்கள். அதுவும் மேட்டில் புதைந்தது. எதுவுமே தோட்டத்துக்குப் போகவில்லை. ஆகவே கம்பெனியின் எந்தக் குண்டும் பெருமாள்சாமி மேல் படவில்லை.

பொன்னழகு எக்ஸ்ரே படத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இடுப்பெலும்பை ஒட்டி வெள்ளையாக, வெண்டைக்காய் நுனி மாதிரி அது தெரிந்தது.

"இது என்னங்கய்யா அப்ப?"

"குண்டு" என்றார் ஸ்டீபன்ராஜ். "இல்லேன்னு யாரு சொன்னா? எங்க குண்டு இல்ல."

"அப்பக் காவலுக்கு நிக்கிறவர வரச் சொல்லிட்டு, எடுத்துக்கிறச் சொல்லி எழுதிக் குடுங்கய்யா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

ஸ்டீபன்ராஜ் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். இத்தனை நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் கவலை தெரிந்தது. "அம்மா, நீ யோசிச்சுப் பேசணும். எங்களது இல்லேன்னா அது யாரோடது? லைசென்சு இல்லாத வெடிபொருளு. அத ஒன் வீட்டுக்காரரு ஒடம்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காரு. ஆயுதச் சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

அன்று சாயங்காலம் பெருமாள்சாமியைக் கைது செய்தார்கள். ஏற்கெனவே நின்ற போலீஸ்காரரே செய்தார். கையைக் கட்டிலோடு விலங்கு போட்டுப் பூட்டினார். நல்ல பூட்டு. நம் ஊரில் செய்தது. டாக்டர் கிளாரா வந்து சத்தம் போட்டார். "கால் கறுத்துக்கிட்டு வருதுய்யா. இன்னும் நாள் போனா காலோட போகாது."

"எடுங்க மேடம். ஆனா அது இப்ப வழக்குக்குச் சாட்சிப் பொருளு. கோர்ட்டு உத்தரவு இல்லாமத் தொட்டா தடயத்த அழிச்சதா ஆகும்" என்றார் போலீஸ்காரர். அவர் நல்ல மனுசர். பெருமாள்சாமிக்கு விசிறிக்கொண்டே சொன்னார்.

டாக்டர் கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. காய்ச்சலுக்கு மருந்து எழுதிவிட்டுப் போனார்.

பொன்னழகு கம்பெனிக்குப் போய் இந்தத் தடவை சொல்லாமலேயே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஸ்டீபன்ராஜின் பூட்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கால விடும்மா. பாலிஷ் போயிரும்." அவர் வெகுநேரம் யோசித்தார். "ஒரு வழி இருக்கு. முழுநிலை ஆய்வுன்னு பேரு. அதே ஆளு, அதே எடம், அதே மாதிரி உக்காந்திருக்கணும். நாங்க அன்னைக்குச் சுட்ட மாதிரியே சுடுவோம். குண்டு தோட்டத்துக்கு வருதுன்னு அப்ப நிரூபணம் ஆச்சுன்னா இதுவும் எங்களதுதான்னு ஒத்துக்கிறோம். அன்னைக்கே எடுத்துரலாம். ஆனா புகார்தாரர் விருப்பப்பட்டுக் கேக்கணும். நாங்களா கூப்புட மாட்டோம். மனித உரிமைப் பிரச்சினை வரும்."

"மேல பட்டுருமேய்யா?"

"எப்படிம்மா படும்? எங்க குண்டு தோட்டத்துக்கு வராதுன்னு நாங்கதான் நிரூபிச்சிட்டமே!"

வராத குண்டுக்கு எதற்கு அங்கே போய் உட்கார வேண்டும் என்று பொன்னழகுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் "அன்னைக்கே எடுத்துரலாம்" என்ற சொல் அதைவிடச் சத்தமாகக் கேட்டது.

பெருமாள்சாமி முடியாது என்றார். "நான் அங்க போகல பொன்னு. செத்தாலும் இந்தக் கட்டில்லயே சாவுறேன்."

"செத்த நேரந்தான். கட்டிலோட தூக்கிட்டுப் போறோங்கிறாக. அன்னைக்கே எடுத்துருவாகளாம்."

"அவனுக சொன்னாய்ங்கன்னு நீ நம்புறியா?"

"வேற யார நம்பச் சொல்றீக? அந்தாள் ஒருத்தரத்தான் பாக்க முடியுது. போயிட்டு வந்துருவோம். எனக்காக வாங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு விலங்கு பூட்டாத கையால் அவள் தலையிலிருந்த ஒரு காய்ந்த பூ இதழை எடுத்துக் கீழே போட்டார். "சரி, வாரேன்" என்றார்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் அந்த ஆய்வு நடந்தது. அன்று திடலில் சாமியானா போட்டிருந்தார்கள். தார்ப்பாய்களில் கெழவன்களும் பேரன்களும் காய்ந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் தன் விதி என்ன என்று யாரோ சொல்லிவிட்டதைப் போலக் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு, ஒரு பாயில் ஏறி, மறு பாயில் இறங்கி, திரும்ப ஏறிக் குதித்தது. தோட்டாக்கள் சிதறி ஒன்றோடு ஒன்று புரண்டன. தங்கமுத்து அதைப் பிடித்துக் கட்டிவிட்டு, சிதறியதை இரண்டு கையாலும் கூட்டி ஒரே பெட்டியில் அள்ளினார்.

"ஏட்டையா, ரெண்டும் கலந்துபோச்சே" என்றாள் பொன்னழகு.

"எப்பவும் நடக்குறதுதான் ஆத்தா. அன்னைக்கும் காக்கா வந்து கலச்சுவிட்டுச்சு. எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும். இன்னொருக்காப் பிரிச்சு வைக்க நேரம் ஏது? ஐயா வந்துட்டாரு."

பெருமாள்சாமியைக் கட்டிலோடு தோட்டத்துக்குத் தூக்கிப் போனார்கள். இறக்கிவைத்து, குத்தவைக்கச் சொன்னார்கள். முடியவில்லை. முதுகுக்கு மூட்டை கொடுத்துச் சாய்த்தார்கள். வெயிலாக இருக்கிறதே என்று காவல் போலீஸ்காரர் ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். மேட்டுக்கு மேலே அந்தக் குடையின் கூம்பு மட்டும் தெரிந்தது. பொன்னழகை ஸ்டீபன்ராஜ் தன் பக்கத்தில், இந்தத் தடவை நாற்காலியில், உட்காரவைத்தார்.

"முதலில் யுத்தகாலத் தோட்டா" என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து மௌன மரியாதை செலுத்தினார்கள். தகடுகள் ஏறின.

தங்கமுத்து பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தார். வரிசையாக வெடித்தன. சில சத்தம் இருமல் மாதிரி, சில சத்தம் இடி மாதிரி. மேட்டில் மண் தெறித்தது. பிறகு விசில் ஊதினார்கள்.

குடை காணவில்லை.

பொன்னழகு எழுந்து ஓடினாள். இரண்டு பெண் போலீசார் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். காலி எண்ணி முடியாமல் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது.

எண்ணினார்கள். ஒன்று குறைந்தது.

"ஐயா, கொட சாஞ்சிருச்சுங்கய்யா! அங்க பாருங்கய்யா!"

"காத்தடிச்சிருக்கும். பொறும்மா. எல்லாம் ஒரு முறைப்படித்தான் நடக்கணும்."

கம்பெனி முழங்காலில் தவழ்ந்தது. புல்லைக் கையால் கோதிப் பார்த்தார்கள். சாமியானாவின் கால்களைப் பிடுங்கிப் பார்த்தார்கள். கிடாயின் வாயைத் திறந்து பார்த்தார்கள். பொன்னழகின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். அவள் "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் தங்கமுத்து தயங்கித் தயங்கி, "ஐயா, பூட்ச செத்த தூக்குங்க" என்றார். ஸ்டீபன்ராஜ் தூக்கினார். அடியில், மண்ணில் மிதிபட்டு, காலி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பொன்னழகை விட்டார்கள்.

கட்டிலில் பெருமாள்சாமி மூட்டையில் சாய்ந்தபடியே இருந்தார். குடைக் காம்பைப் பிடித்த கை அப்படியே இருந்தது. இந்தத் தடவை விலாவில். மூட்டை ஊறி, கட்டில் ஊறி, கீழே சம்பங்கிப் பாத்தியில் சொட்டி உறைந்திருந்தது. உடனே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் கிளாரா பிறகு சொன்னார், யாரிடமும் சொல்லாததுபோல.

ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். இப்போது அனுமதி தேவைப்படவில்லை. இரண்டு குண்டும் கழுவி, ஒரு எவர்சில்வர் தட்டில் பஞ்சு மேல் வைத்து, குழுவின் முன்னால் வந்தன. ஸ்டீபன்ராஜுக்குக் கண் கலங்கியது.

"ஒரே உடல். ஒரே இடம். ஒரே தூரம். ஆளுக்கொரு குண்டு என்றால் ஒப்பிட முடியாது. ஒரே ஆளுக்கு இரண்டு என்பது எந்த ஆய்வுக்கூடத்துக்கும் கிடைக்காத வாய்ப்பு. அமரர் பெருமாள்சாமி தம் உடலையே நமக்குத் திடலாகத் தந்திருக்கிறார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு குண்டை எடுத்தார். திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி திருப்பினார். மற்றதையும் எடுத்துப் பார்த்தார்.

"ஏட்டு, வருசம் எங்கய்யா?"

"வருசம் காலியில இருக்குமுங்கய்யா. அடிப்பக்கம் குத்தியிருக்கும். குண்டுல எதுவும் இருக்காது."

"அன்னைக்கு உள்ள காலி எங்க?"

"கணக்கு முடிச்சு உருக்கப் போயிருச்சுங்கய்யா."

வெளியே ஆயுத பூசைக் கறி வேகும் வாசனை வந்தது. பிணத்தை ஒப்படைப்பதற்கு முன் எது எந்தக் குண்டு என்று அடையாளம் எழுதியாக வேண்டும். ஸ்டீபன்ராஜ் பொன்னழகைக் கூப்பிட்டுத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். மிகவும் மென்மையாகத்தான் கேட்டார்.

"இதுல மொதல்ல பட்டது எதும்மா?"

பொன்னழகு பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே நீளம். ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. அவள் வளையாததைத் தொட்டாள்.

"இது ரெண்டாவது."

"நிச்சயமா?"

"இத நாந்தான்யா கேட்டு வாங்குனேன்."

ஸ்டீபன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் அவரை வாட்டிய கவலை முகத்திலிருந்து இறங்கியது. எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தர், பொருளின் உரிமையாளர் என்ற இடத்தில் பொன்னழகு, கணவர் பெயர் பெருமாள்சாமி, கரட்டடி என்று அழகான கையெழுத்தில் எழுதி, அவள் பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்துக்கொண்டார்.

அதற்குக் கீழே, லைசென்சு எண் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.